விஜயகுமாரி மகளின் பல்வலி

திருவிடந்தைக் கோயில் வாசலில் விஜயகுமாரி மாலை விற்கிறாள். அவளுக்கு எதிரே என் தேங்காய்க் கடை. கல்யாணம் கூடிவர வேண்டும் என்று மாலை வாங்க வருபவர்களிடம் நட்சத்திரம் முதல் சம்பளம் வரை விசாரித்துவிடுவாள். அப்படி ஒரு வாய்!

அவள் மகள் கவியாவுக்கு ஏழு வயது. வீட்டில் லொடலொடவென்று பேசுவாளாம். வாசல் தாண்டினால் ஒரு வார்த்தை வராது. பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். திமிர் என்றார்கள், நானும்தான் சொன்னேன். விஜயகுமாரி தாயத்து கட்டிப் பார்த்தாள், நாக்கில் தேன் தடவிப் பார்த்தாள்.

அப்புறம் வாரம் ஒருநாள் அவள் கடை பூட்டிக் கிடந்தது. கேட்டால், "பாப்பாவுக்குப் பல்லு வலி சுஜாதா. செங்கல்பட்டுக்குப் போய்க்கினு கீறோம்" என்பாள். ஒரு குழந்தைக்கு எத்தனை பல்தான் வலிக்கும்? எனக்கு எரிச்சல்தான் வந்தது.

போனதெல்லாம் குழந்தைகள் மனநல டாக்டரிடம் என்று பிறகுதான் தெரிந்தது. நாள் முழுக்கக் கல்யாணப் பேச்சு நடக்கிற இடம் இது. பெண் பிள்ளையை மனசு டாக்டரிடம் காட்டினார்கள் என்று ஒரு சொல் கிளம்பிவிட்டால், நாளைக்கு எந்த மாப்பிள்ளை வருவான் என்று பயந்திருக்கிறாள்.

திமிர் இல்லை, பயத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பேசு பேசு என்று நச்சரிக்கக் கூடாது. பழகின ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது குழந்தை அம்மாவோடு பேச வேண்டும், பிறகு மெல்ல அவரோடும். யாராவது கேட்டால் அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் காத்திருக்க வேண்டும். விஜயகுமாரிக்கு இதைவிடத் தண்டனை உண்டா? அந்தப் பழகின ஆள் நான்தான் என்பது அப்போது எனக்கே தெரியாது. சனிக்கிழமையானால் குழந்தையை என் கடையில் தேங்காய் நார் பிய்க்க உட்கார வைப்பாள். தானும் வந்து அவளோடு கிசுகிசுப்பாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, "இன்னாடி கவியா, பல்லு எப்டி கீது?" என்று கேட்டேன்.

விஜயகுமாரி வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். கட்டின மாலையை மடியில் வைத்தபடி காத்திருந்தாள். குழந்தை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"பல்லு இல்ல அத்த. பயத்துக்கு டாக்டரு."

ஐயோ, என்ன அழகான குரல்! இந்தக் குரலுக்காகத்தானே அவள் இத்தனை நாளும் பஸ் ஏறி இறங்கினாள்? ஆனால் விஜயகுமாரி மாலையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"வெக்கமா கீது சுஜாதா. கொழந்த சொல்லிட்டா. என்னால சொல்ல முடியலையே."