பகலில் சாத்திய கதவு

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையன்று வழியில் யானை நின்றது. ஜீப் தாமதமாகி, அரை மணி நேரம் போன பிறகு உள்ளே நுழைந்து எழுதி வாங்கிய ஏ பிளஸ். மலையாளத்தில் மட்டும் பாடம் நடந்த பள்ளியில் பிளஸ் டூ உயிரியலில் முதலிடம். எர்ணாகுளத்தில் ஜெர்மன் மொழித் தேர்வு: எழுத்தில் முதல் தடவையே தேறினாள், பேச்சில் இரண்டாம் தடவை. அப்புறம் விசா. என் தங்கை ஆன்மேரி வாங்கியவை இவை. அப்பா செபாஸ்டின் இறந்தபோது அவளுக்கு ஆறு வயது. அம்மா மதலேனம்மாள் மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறார். நான் பத்தாவதோடு நின்று, அதே எஸ்டேட் ஃபாக்டரியில் தூள் சலிக்கிறேன்.

நர்சிங் படிக்க அவள் ஜெர்மனி போனது 2023 ஆகஸ்ட் கடைசியில். படிப்புக்குச் சேர்த்துக்கொண்ட ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளை உல்ரிக்கே என்ற டீச்சர் வீட்டில் தங்கவைத்தார்கள். கணவர், யோனாஸ் என்ற பையன், அவ்வளவுதான் குடும்பம். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, ஒத்துப்போனால் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம். இல்லையென்றால் அவளே அறை தேடவேண்டும். அந்த ஊரில் அறை கிடைப்பது லேசில்லை.

போன மூன்றாம் நாளே போன் வந்தது.

"அக்கா, இவங்களுக்கு என்மேல என்னமோ கோவம்."

"என்னடி செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. சாப்பிட்டு எந்திரிச்சதும் ஆளுக்கொரு ரூம்ல போய்க் கதவச் சாத்திக்கிறாங்க. பட்டப்பகல்ல!"

எங்கள் லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய பத்து வீடுகள். விடிந்ததும் கதவைத் திறந்தால் இருட்டிய பிறகுதான் சாத்துவோம். ஆள் இருந்தும் பகலில் கதவு சாத்தியிருந்தால், அந்த வீட்டுக்காரர்கள் யாரோடோ பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். அதனால் எனக்கும் பகீரென்றது.

"காலைல மூஞ்சி குடுத்துப் பேசுனாங்களா?"

"பேசுனாங்க. சிரிச்சாங்க. காப்பி குடுத்தாங்க. பெறகு சாத்திக்கிட்டாங்க."

"சிரிச்சிட்டா சாத்துனாங்க?"

"அதான் வெளங்கல."

அம்மா போனை வாங்கினார். "ஒன் கொறட்டைக்குப் பயந்து சாத்தியிருப்பாக. நீ தொறந்தே வையி. நமக்குக் கோவமில்லன்னு தெரியட்டும்."

அப்படியே செய்தாள். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஓசைப்படாமல் அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். அவள் மறுபடி திறந்தாள், நாற்காலியை முட்டுக்கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கச் சொன்னேன், கேட்டாள். எதற்கென்று புரியாமல் விழித்த உல்ரிக்கே, அவள் தோளைத் தட்டிவிட்டுப் போய்த் தன் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டாம் வாரம் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள்: அந்த வீட்டில் இருக்க உனக்குப் பயமா, உல்ரிக்கே கவலைப்படுகிறாரே என்று. இது என்ன புதுக்கதை? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"பேசாம வேற வீடு கேட்டுரு," என்றேன்.

மறுநாள் சாயங்காலம் யோனாஸின் சாத்திய கதவுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. உல்ரிக்கே தட்டிவிட்டு உள்ளே போனார், ஆப்பிள் துண்டுகளைக் கொடுத்தார், மகன் தலையைக் கலைத்துவிட்டார், வெளியே வந்து கதவைச் சாத்தினார். பெற்ற பிள்ளையிடமும் கோபமா? ஆன்மேரி அங்கேயே நிறுத்திக் கேட்டுவிட்டாள்.

உனக்கு நிம்மதி வேண்டுமே என்றுதான் சாத்தினோம் என்றாராம் அவர். நீ திறந்து திறந்து வைத்ததும், நாங்கள் பூட்டிவிடுவோமோ என்று பயப்படுகிறாய் என நினைத்தோம். அவள் லயத்தைப் பற்றிச் சொன்னாள். நாள் முழுக்கத் திறந்திருந்தால் யாராவது உள்ளே வந்துவிடமாட்டார்களா என்று கேட்டார். உப்புக் கேட்டு வருவார்கள், சும்மாவும் வருவார்கள் என்றாள். உல்ரிக்கே சிரித்துவிட்டு, ஒப்பந்தத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

ஆன்மேரி என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் இரண்டாம் ஷிப்டில் இருந்தேன். சலிக்கும் இடத்தில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். வெளியே வந்து பார்த்தால் செய்தி வந்து கிடந்தது: "போட்டுட்டேன்க்கா."

உடனே கூப்பிட்டேன். "என்னையக் கேக்காமயா?"

"கேட்டா நீ வேற வீடு பாருன்னுதான சொல்லுவ!"

அதுவரை எந்தத் தாளானாலும் நான் முழுக்கப் படித்து, விரல் வைத்துக் காட்டிய இடத்தில்தான் போடுவாள். தானாகப் படித்து, தானாக முடிவுசெய்து, ஆன்மேரி செபாஸ்டின் என்று அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2023 செப்டம்பர் 14.