மரவாழைக் கல்யாணம்

என் வீட்டுக்காரர் பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துத் துரைக்குத் துபாசி. துரை பேசுவதைத் தமிழில் சொல்வதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். துரை கோட்டையில் தும்மினால் இவர் வீட்டுக்கு வந்து அதே மாதிரி தும்முவார். மரக்கிளையில் மண்ணில்லாமல் ஒட்டி வளரும் மரவாழைகளைத் துரை வாசனைக்காக வளர்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் எங்கள் தாழ்வாரத்திலும் தேங்காய் மட்டைகள் தொங்கின, மட்டைக்கு ஒரு செடி. நிமிர்ந்து நடந்தால் நெற்றியில் இடிக்கும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீர் படகில் வரும். அதை எடுத்து வேருக்குத் தெளிப்பார்.

"உப்புத்தண்ணி பட்டா வேர் கருகிடும்" என்பார்.

"எங்க குடல் கருகாதா?" என்று கேட்டால் அடுத்த மட்டைக்குத் தெளிக்கப் போய்விடுவார்.

பூ மணத்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் தெருவெல்லாம் கருவாடு காயும்போது யார் மூக்குக்கு அது எட்டும்? அவர் மட்டும் துரையைப் போலவே கண்ணை மூடி மூச்சிழுப்பார்.

பிறகு புது வகையை உண்டாக்கும் ஆசை வந்தது. யாவாத் தீவிலிருந்து கப்பலில் வந்த செடியின் மகரந்தத்தை ஈர்க்குச்சியால் எடுத்து, மாமரத்திலிருந்து பெயர்த்து வந்த நம் ஊர்ப் பூவில் வைத்தார். "ரெண்டுத்துக்கும் கல்யாணம் பண்ணிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். கல்யாண வயதில் எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். அது அவர் ஞாபகத்தில் இல்லை.

பூ காயானது. காய் முற்றிய சமயத்தில் ஆரம்பாக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவை அந்தக் காய்க்கு நேர் கீழே உட்கார வைத்தார் என் வீட்டுக்காரர். பேச்சு நடக்கும்போதே காய் வெடித்து, மாவு போன்ற விதை அந்த மனிதரின் தோளில் கொட்டியது.

"அசையாதீங்க! அப்பிடியே குந்திக்கினு இருங்க!" என்று கத்தியபடி இவர் பாய்ந்து அவர் துண்டைப் பிடித்தார்.

"இன்னாய்யா இது! பொண்ணு பாக்க வந்தவன் துண்ட உருவுறே?"

"மூச்சு விடாதீங்க, பறந்துடும்!"

அவர்கள் தட்டைத் தொடாமல் எழுந்து போனார்கள். துண்டு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. நான் தெருமுனை வரை பின்னாலேயே ஓடிக் கெஞ்சிப் பார்த்தேன். மகளோ, "நல்லதாப் போச்சும்மா. அந்த மாப்ள பேசாம பல்லு குத்திக்கினே இருந்தான்" என்றாள்.

துண்டை உதறி விதைத்தார். பல நாள் கழித்துப் பச்சையாக ஏதோ முளைத்தது. துரையையே வீட்டுக்கு அழைத்து வந்தார். துரை குனிந்து பார்த்து, ஒரு முளையைக் கிள்ளி முகர்ந்து, ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பினார். கூட வந்த சேவகன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"என் பொறுமைய ரொம்பப் புகழ்ந்தாரு."

ஊருக்கே பேச்சை மாற்றிச் சொல்பவர் எனக்கு எதைத்தான் நேராகச் சொல்வார்? முளைத்தது கோரைப்புல். நானே பிடுங்கி ஆட்டுக்குப் போட்டேன்.

என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் உள்ளூரிலேயே நல்ல பையனாகப் பார்த்து முடித்தேன். முகூர்த்த நேரத்தில் பெண்ணின் அப்பாவைக் காணோம். தாழ்வாரத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றார்.

"நைனா எங்கன்னு பொண்ணு கேக்குது. வந்து நில்லுய்யா" என்றேன்.

ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி வந்தார். துரை வந்திருக்கிறாரா என்று முதலில் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். மகளைப் பார்த்தது அதற்கப்புறம்தான்.