துடைத்ததால் விழுந்த கோடுகள்

ஒரகடத்தில் கார்களுக்கு மெருகேற்றும் ஒருவரிடம் சென்ற மாதம் என் வண்டியைக் கொண்டுசென்றேன். உயரமான மனிதர்; விரலிடுக்கெல்லாம் பாலிஷின் வெண்மை. கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, கண்களை மூடி, வண்டியின் மேனியைத் தடவிப் பார்ப்பார். வெறுங்கைக்குத் தட்டுப்படாத தொழிற்சாலைத் தூசி அந்தப் பை வழியே நெருநெருவென்று தெரியுமாம்.

பிறகு விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். கறுப்புப் பெயின்ட் முழுவதும் சிலந்திவலை போன்ற வட்டக் கோடுகள்.

“தினம் தவறாம துடைக்கறேனேப்பா, இது எப்படி வந்தது?” என்றேன்.

“இன்னாத்தால தொடைப்பீங்க சாமி?”

“காஞ்ச துண்டாலதான். எட்டு வருஷமா.”

“அதான் கோடு. தூசிய வெச்சே தேய்ச்சிகினு இருந்திருக்கீங்க. சும்மா வுட்டிருந்தா இவ்ளோ வந்திருக்காது. என் பைக்க பாருங்க, மழைதான் கழுவுது.”

நானும் சிரித்துவிட்டேன். மாலைக்குள் கோடுகளை நீக்கித் தந்தார்.

மறுநாள் பூஜையில், பெருமாளின் வெள்ளித் திருமேனியைத் துடைக்க எடுத்த கை நின்றுவிட்டது. திருமுகத்தின் புன்னகை மழுங்கி நெடுநாளாயிற்று. காலம் செய்தது என்றே இதுவரை எண்ணியிருந்தேன். அந்த மனிதரிடம் இதையும் கேட்கலாமா என்று தெரியவில்லை.