அமாவாசையில் ஓடிய தறி

காஞ்சிபுரத்தில் ஒரு மண்டலம் தங்கி நாவல் எழுதினேன் என்று சொன்னால், கோவில் பிராகாரத்தில் உட்கார்ந்து தியானம் செய்து எழுதியதாகவே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். கோவிலுக்கு நான் போனதெல்லாம் பயத்தில்தான். மற்ற நேரங்களில் அறையிலேயே இருந்து பயந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெரு நெசவாளர்கள் சேர்ந்து படிப்பகம் ஒன்றை நடத்திவந்தார்கள். வாரப் பத்திரிகைகளைப் படித்துவிட்டுத் தொடர்கதைகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மேய்கிற கூட்டம். எழுதுகிறவனைத் திட்டிக்கொண்டிருப்பதைவிட, ஒருவனை இங்கேயே கூப்பிட்டு உட்காரவைத்து எழுதச் சொன்னால் என்ன என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. நாற்பத்தெட்டு நாள் அறையும் சாப்பாடும் அவர்களுடையது. கிளம்புவதற்கு முன் ஓர் அத்தியாயத்தை உறுப்பினர்கள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினால் நாவலைப் படிப்பகமே அச்சிடும். தூக்காவிட்டால், 'பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து விடுவோம்' என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அது தமாஷ் என்று எனக்குப் புரியவே இரண்டு நாள் ஆயிற்று.

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். அப்பா படுத்த படுக்கையானதும் திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கப் போனேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, தேர்தல் நோட்டீஸ் என்று மற்றவர்கள் எழுதியதை ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிப் பொறுக்கித்தான் எனக்குத் தமிழ் வந்தது. சிறுகதைகள் சில அச்சேறியிருந்தன. நாவல் இரண்டு திரும்பி வந்திருந்தது. இந்த மூன்றாவதும் தேறாவிட்டால் எழுதுவதையே விட்டுவிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

"சரி, அப்புறம் எதை நெனச்சிக்கினு கவலைப்படுவீங்க?" என்றாள் அவள்.

படிப்பகத்தின் செயலாளர் வீட்டு மாடியில் எனக்கு இடம். கீழே கூடத்தில் நான்கு குழித்தறிகள். காலையில் அவை ஓட ஆரம்பித்தால் என் மேஜையில் மைக்கூடு நடுங்கும். முதல் வாரம் அந்தச் சத்தத்தில் ஒரு வரி ஓடவில்லை. ஓடிய வரிகளும் படிப்பாளி எழுதியது போலத் தெரியவேண்டுமே என்று, யாரும் பேசாத தமிழில் இருந்தன. படித்துப் பார்த்தால் எனக்கே பல்லில் கல் மாட்டியது போலிருந்தது. கிழித்தேன். எழுந்து நடந்தேன். மறுபடி உட்கார்ந்து கிழித்தேன்.

செயலாளரின் அக்கா அந்த வீட்டிலேயே இருந்தார். கூடத்து மூலையில் ராட்டையை வைத்துக்கொண்டு பட்டு இழை சுற்றுகிறவர். அறுந்த இழையைக் கண்ணால் பார்க்காமலே விரலால் முடிச்சுப் போடுவார். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்பா, மேல நடந்துக்கினே இருக்கிறியே, எழுதறது எப்போ?"

"யோசிக்கிறேன்க்கா."

"யோசிக்கிறதுக்கு இந்த நடை நடந்தா திருப்பதிக்கே போய்ட்டு வந்திருப்பியே."

அன்றைக்குத்தான், ஊரிலிருந்து கொண்டுவந்த கதையைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, வேறொன்றை ஆரம்பித்தேன். புருஷன் காய்ச்சலில் விழுந்துவிட, முகூர்த்தப் புடவை பாதியில் நிற்க, இத்தனை நாள் இழை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தவள் தானே தறிக்குழியில் இறங்கி நெய்து முடிக்கிற கதை. தெரியாத தொழிலைப் பற்றி எழுதப்போகிறோம், அதுவும் அந்தத் தொழிலாளர்கள் முன்னாலேயே வாசிக்கப்போகிறோம் என்று நினைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் ஒன்றைக் கண்டுகொண்டேன். படித்தவன் போல் எழுதவேண்டும் என்கிற பயத்துக்கும், தறியைப் பற்றித் தப்பாக எழுதிவிடக் கூடாதே என்கிற பயத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. முன்னது என்னை நடக்கவைத்தது. பின்னது என்னைக் கீழே இறங்கிப் போய்ப் பார்க்கவைத்தது.

பார்த்தேன். கேட்டேன். குறுக்கிழையைச் சுமக்கிற நாடா எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது, கஞ்சி போட்ட பாவு நூல் எப்படி மணக்கிறது, மழை நாளில் இழை ஏன் முரண்டு பிடிக்கிறது, எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன். செயலாளர் சலித்துக்கொள்வார். "தம்பி, நீங்க கதை எழுதறீங்களா, இல்ல எங்க மேல கேஸ் எழுதறீங்களா?" கேட்டதையே மறுநாள் வேறொருவரிடம் கேட்டுச் சரிபார்ப்பேன். மூன்றாம் வாரத்தில் சத்தம் பழகிவிட்டது. கீழே பலகை இடிக்கிற தாளத்துக்கு என் வாக்கியங்கள் குட்டையாயின. சாப்பாட்டு நேரத்தில் தறிகள் நின்றால் என் பேனாவும் நின்றது.

ஆனால் எல்லாவற்றையும் கேட்டவன் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. தங்கியிருந்த காலத்தில் முதலில் வந்த அமாவாசைக்கு, அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ஊருக்குப் போய்விட்டேன். ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் விடும்போது ஈரக்காற்று அடித்தது. அந்த நாளின் கனம் மனசில் தங்கிவிட்டது. திரும்பி வந்ததும் என் கதையில் அவள் தறியில் இறங்குகிற நாளை அமாவாசை என்று வைத்தேன். எழுதிய மற்ற எல்லாவற்றையும்விட அந்தப் பக்கங்கள் எனக்குப் பிடித்திருந்தன. அவற்றையே வாசிப்பதென்று முடிவு செய்தேன்.

வாசிப்பை அடுத்த அமாவாசைக்கு வைத்தார் செயலாளர். "அன்னிக்குத்தான் எல்லாரும் ஓய்வா இருப்பாங்க" என்றார். எதனால் ஓய்வு என்று நான் கேட்கவில்லை.

அன்று காலை எழுந்தேன். தறிச் சத்தம் இல்லை. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, தெருவிலேயே இல்லை. எங்கோ ஒரு வீட்டில் ரேடியோ, கிணற்றடியில் வாளி, காக்கைகள். என் வாசிப்புக்காகத் தெருவே வேலையை நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இத்தனை குடும்பங்களின் ஒருநாள் உழைப்புக்கு என் அத்தியாயம் ஈடாகுமா? காலைச் சாப்பாடு இறங்கவில்லை. கச்சபேஸ்வரர் கோவிலுக்குப் போய் மூன்று சுற்றுக்குப் பதில் ஒன்பது சுற்றுச் சுற்றினேன்.

மாலை நான்கு மணிக்குப் படிப்பகம் நிரம்பி, வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். பெண்கள் ஒரு பக்கம். அக்கா முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு. வழக்கமாய் விரல் ஓடிக்கொண்டே இருக்கிறவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

வாசிக்க ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் புருஷனுக்குக் கஷாயம் கொடுக்கும்போது அவன் அவளைத் திட்டுகிற இடத்தில் ஆண்கள் சிரித்தார்கள். அடுத்த வரியில் அவள் திருப்பிச் சொன்னதற்குப் பெண்கள் அதைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள். நிமிர்ந்தேன். குரல் ஏறியது.

"அன்று அமாவாசை. விடிவதற்குள் அவள் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தாள்..."

"நிறுத்துபா, நிறுத்து" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "அமாவாசையில எவன் தறியில உக்காருவான்?"

சிரிப்பு. எல்லாப் பக்கமும் சிரிப்பு. இன்னொருவர், "சொல்லுங்க எழுத்தாளரே, மாசத்துல தறிக்கு லீவு விடறதே அந்த ஒரு நாளு. அன்னிக்கும் புடுங்கிக்கினீங்களே!" என்றார்.

அப்போதுதான் எனக்குக் காலை நேரத்து அமைதியின் அர்த்தம் விளங்கியது. எனக்காக நிறுத்தவில்லை. தலைமுறை தலைமுறையாக நிறுத்துகிறார்கள். தெருவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி, நோட்டு நோட்டாய் எழுதியவனுக்குத் தெரியவில்லை. ஏழாம் வகுப்போடு நின்றவன் என்று நெற்றியில் எழுதி ஒட்டியது போலிருந்தது. பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று யோசித்தேன்.

செயலாளர் நல்ல மனுஷர். எழுந்து கையமர்த்தினார். "ஒண்ணுமில்லபா, கைத்தவறு. வெள்ளிக்கிழமைன்னு மாத்திட்டா தீந்துது. இன்னா தம்பி?"

தீர்ந்துவிடும்தான். ஒரு சொல்லை அடித்து ஒரு சொல்லைப் போட வேண்டும். வாழ்க்கையில் யார் எதைத் திருத்தினாலும், 'ஆமாங்க, என் தப்புதான்' என்று முந்திக்கொண்டு ஒப்புக்கொள்கிறவன் நான். அன்றைக்கும் வாய் அதற்குத்தான் திறந்தது. ஆனால் அந்த ஒரு கணத்தில், காலையில் கேட்ட அந்த அமைதிக்குள்ளே ஒரே ஒரு தறி இடிப்பது எனக்குக் கேட்டது. தெரு முழுக்க ஓய்ந்திருக்கிறது. ஒரு வீட்டில் மட்டும் தடக், தடக். ஒளிந்து செய்ய முடியாத காரியம். ஒவ்வொரு இடியும் எல்லார் வீட்டுக்குள்ளும் போய் அவளைக் காட்டிக்கொடுக்கிறது. தெரிந்தும் அவள் நிறுத்தவில்லை.

"மாத்த மாட்டேண்ணே" என்றேன்.

அவருக்கு மட்டுமில்லை, எனக்கும் அது புதுக் குரலாக இருந்தது.

"அவ தெரியாம உக்காரலே. அமாவாசைன்னு தெரிஞ்சேதான் உக்காந்தா. மூணாம் நாளு முகூர்த்தம், ஒரு நாளைக்கூட விட முடியாது. தெரு கேக்கட்டும்னுதான் உக்காந்தா."

பொய்தான். அரை நிமிஷத்துக்கு முன்னால் வரை எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சொல்லி முடித்தபோது அது உண்மையாகியிருந்தது. கதையில் வருகிற உண்மையெல்லாம் இப்படித்தான் வருகிறதோ என்னவோ.

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு ஒரே சத்தம்.

"அப்போ தெரு சும்மா இருக்குமா?"

"பெரியவங்க கூடிப் பேசுவாங்க!"

"எவன் பேசறான்? அவ புருஷனுக்கு ஜுரம்னு கேட்டுக் கஞ்சி கொண்டாந்தவன் எவன்? அதைச் சொல்லு மொதல்ல!"

"நேமம் நிஷ்டைன்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

"வயித்துக்கு இன்னாயா நேமம்?"

தெலுங்கு பேசுகிற வீட்டுக்காரர் ஒருவர் இரண்டு பாஷையிலும் மாறி மாறிக் கத்தினார். அவர் எந்தக் கட்சி என்று கடைசிவரை புரியவில்லை. என் கதையை யாரும் கேலி செய்யவில்லை. அவளைப் பற்றிச் சண்டை போட்டார்கள். இந்தத் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறவளைப் பற்றிப் போடுகிற மாதிரி.

நான் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். "நீங்க இன்னாக்கா செய்வீங்க? எதிர் வீட்டுல நீங்க இருக்கிறீங்க. சத்தம் கேக்குது."

அவர் தலையைச் சாய்த்துக்கொண்டார். அந்தத் தறியின் சத்தத்தைக் கேட்கிறார் என்று தெரிந்தது.

"புடவைக்குக் கரை வேற கலரா?"

"ஆமாங்க்கா. உடம்பு அரக்கு, கரை பச்சை."

"அப்போ ஒத்த ஆளா நெய்ய முடியாதுபா. அந்தாண்ட கரைக்கு ஒரு ஆளு உக்காந்து நாடா வாங்கிக் குடுக்கணும். அமாவாசையில எவ வந்து உக்காருவா அவளுக்கு?"

இன்னொரு ஓட்டை. அதையும் நான் பார்க்கவில்லை. தினமும் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து நெய்வதைப் பார்த்திருந்தும், என் கதாநாயகியைத் தனியாக உட்காரவைத்துவிட்டேன். கதாநாயகி என்றால் தனியாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயோ படித்த புத்தி. ஆனால் இந்தத் தடவை எனக்குப் பயமே வரவில்லை.

"அதான் கேக்கிறேன். நீங்க இன்னா செய்வீங்க?"

"இன்னா செய்வேன்" என்றார் அக்கா, கோபமாக. "நேரா போவேன். ஏண்டி, உனக்கு அறிவு கீதா, நாளு கிழமை தெரியாதான்னு நாலு வார்த்தை நல்லா கேப்பேன். கேட்டுக்கினே அந்தாண்ட போய் உக்காந்து நாடாவை வாங்குவேன். வேற இன்னா பண்ணச் சொல்ற?"

பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் கிளம்பியது. நானும் தட்டினேன். என் நாவலின் முக்கியமான காட்சியை என் கண் முன்னாலேயே ஒருவர் முடித்துக் கொடுத்துவிட்டார், நான் தட்டாமல் என்ன செய்ய?

செயலாளர் மேஜையைத் தட்டினார். "கை தூக்கறவங்க தூக்கலாம்."

"இருய்யா" என்றார் முதலில் என்னை நிறுத்திய பின்வரிசைக்காரர். "புடவை முடிஞ்சுதா, இல்லியா? அதைச் சொல்லச் சொல்லு."

"இன்னும் எழுதலீங்க" என்றேன்.

"எழுதாமலே இந்த லொள்ளா!" என்று சொல்லிவிட்டு அவர்தான் முதலில் கையைத் தூக்கினார். பிறகு எண்ணவே தேவைப்படவில்லை. வாசலில் நின்றவர்கள், உறுப்பினராக இல்லாதவர்கள், பக்கத்து ஊர் ஓரிக்கையிலிருந்து யாரையோ பார்க்க வந்திருந்த விருந்தாளி ஒருவர் என்று எல்லாரும் தூக்கினார்கள். அக்கா இரண்டு கையையும் தூக்கினார். "ஒருத்தருக்கு ஒரு கைதான்க்கா" என்று செயலாளர் சட்டம் பேசினார். "ரெண்டு கையிலயும்தான்டா நான் வேலை செய்யறேன்" என்றார் அவர்.

மிச்சமிருந்த சில நாட்களில், அதுவரை எழுதியதற்குச் சமமாக எழுதினேன். எதிர் வீட்டுக்காரி என்று ஒருத்தி கதைக்குள் புகுந்துகொண்டாள். திட்டிக்கொண்டே வந்தவள் கடைசிப் பக்கம் வரை வெளியேறவில்லை. அவள் வந்த பிறகுதான் அது நாவலாயிற்று. கவலை என்னை விட்டுவிட்டதென்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் எது தப்பாயிருக்குமோ என்று உதறல் இருக்கிறது. ஆனால் தப்பு கண்டுபிடிக்கப்பட்டால் அதைத் துடைக்க ஓடாமல், சற்று நின்று அது என்ன சொல்கிறதென்று கேட்கிறேன். பாதித் தடவை வெறும் தப்பாகத்தான் இருக்கிறது. மீதிப் பாதி எனக்குப் போதும்.

வாசிப்பு முடிந்த அன்று சாயங்காலம் டீ குடிக்கத் தெருமுனைக்குப் போனேன். இருபது வீடு தாண்டுவதற்குள் நாலு இடத்தில் நிறுத்தினார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர், "மாமியாரை விட்டுட்டீங்களே சார், அவ சும்மா இருப்பாளா?" என்று கேட்டார்.

மாமியாரைப் பற்றி அதுவரை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"அது அடுத்த அத்தியாயத்துல வருது" என்றேன். சொல்லிவிட்டு, டீயை ஆற்றாமலே குடித்துவிட்டு, எழுதுவதற்காக வேகமாகத் திரும்பி நடந்தேன்.