வரவேற்பு வரிசையில் மாமனார்

கோச்சடை மெயின் ரோட்டில் இருக்கும் 'ஜினோ டிஜிட்டல்ஸ்' கடையிலிருந்து ஒரு போர்டு வெளியே போக வேண்டுமென்றால், முதலில் அது பாக்கியமேரியின் கண்ணைத் தாண்ட வேண்டும். கடையின் முன்பாதியில் தம்பி ஜினோவின் கம்ப்யூட்டரும் பிரிண்டரும். பின்பாதியில் அவளுடைய தையல் மெஷின். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனாலும் மாப்பிள்ளை பெயர், மண்டபம், தேதி, நேரம் எல்லாவற்றையும் பத்திரிகையை வைத்துக்கொண்டு ஒத்துப் பார்ப்பாள். கழுத்தில் கிடக்கும் இஞ்சு டேப்பை எடுத்து ஓரத்தையும் அளப்பாள். அதற்குப் பிறகுதான், "சரி, குடு" என்பாள்.

ஜினோ அவளைவிட எட்டு வயது இளையவன். நாலாம் வகுப்பு படிக்கும்போதே வகுப்பில் உள்ள அத்தனை பேருடைய நோட்டுக்கும் லேபிள் எழுதிக் கொடுத்தவன். பிளஸ் டூ முடித்ததும் ஒரு ஃபிளக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஆறே மாதத்தில் வாடிக்கையாளர்கள் முதலாளியை விட்டுவிட்டு அவனைத் தேட ஆரம்பித்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. மதுரையில் ஒரு காதுகுத்துக்குப் போர்டு வைப்பது சாமானிய வேலை இல்லை. தாய்மாமன்மார் அத்தனை பேர் முகமும் அதில் இருக்க வேண்டும். யார் முகம் பெரிது, யார் பக்கத்தில் யார், பேசாமல் இருக்கும் பங்காளிகளுக்கு நடுவே யாரை நிறுத்துவது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஜினோ போட்ட போர்டைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு போனவர் கிடையாது. சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தவர்கள்தான் உண்டு. 'இவன் மூளைக்குக் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கணும்' என்று பாக்கியமேரி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வாள். ஜினோ பிரிண்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்.

இப்படிப்பட்டவனுக்குப் பெண்ணும் போர்டு வழியாகத்தான் அமைந்தது. கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருந்த டயானா, கண் சிகிச்சை முகாமுக்குப் போர்டு அடிக்க வந்தாள். பிறகு அந்தக் கிளினிக்கில் எதற்கெடுத்தாலும் முகாம் நடந்தது. பாக்கியமேரிக்கு விஷயம் புரிந்து, டயானாவின் ஊரான செபமாலைத்துறைக்குப் போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தாள். ராமநாதபுரம் பக்கத்துக் கடலோரக் கிராமம் அது. டயானாவின் அப்பா யேசுதாஸ் நாட்டுப்படகுக்காரர். ஊர்க் கமிட்டித் தலைவர். நிச்சயதார்த்தத்தன்று வாசலில் நின்று இரண்டு கைகளையும் கூப்பி, "வாங்க மாப்ள, வாங்க" என்று வாய் நிறைய வரவேற்றார். டயானாவின் தங்கை அதைப் போட்டோ எடுத்தாள்.

கோயிலில் ஓலை வாசிப்பது தொடங்கியது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் இரண்டு பேருடைய பங்குக் கோயிலிலும் அறிவிப்பார்கள். இரண்டு ஓலை முடிந்து, மூன்றாவது பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் வனத்துறை ரேஞ்சர் மைத்ரேயி கடைக்கு வந்தாள். வேலை கடலோரத்தில் என்றாலும் வீடு திருப்பரங்குன்றம். அவள் அண்ணன் கல்யாணத்துக்குப் போர்டு போட்டவன் ஜினோதான். ராமநாதபுரம் பக்கத்துக் கடலில் உள்ள தீவுகளின் தேசியப் பூங்காவை விரிவாக்கப் போகிறார்களாம். கொக்குத்தீவின் அலையாத்திக் காடு, அதைச் சுற்றியுள்ள பவளப்பாறை, கடல்பசு மேயும் புல்தரை எல்லாம் பூங்காவுக்குள் வரும். அதற்கு முன் மீனவ கிராமங்களில் கருத்துக் கேட்புக் கூட்டம். செபமாலைத்துறையில் வரும் சனிக்கிழமை.

"பிளாஸ்டிக் ஃபிளக்ஸ் வேண்டவே வேண்டாம் ஜினோ. காடாத் துணியில போடுங்க. மேல தலைப்பு, நடுவுல மேப், புது எல்லைக்குப் பச்சைக் கோடு, ஓரத்துல கடல்பசு. அவ்வளவுதான்."

"மேடம், இதுல ஒரு முகங்கூட இல்லையே?"

"கடல்பசு இருக்கே."

"அதுக்கு ஊருக்குள்ள சொந்தக்காரங்க கிடையாதே மேடம். ஆளு மூஞ்சி இல்லாத போர்டை எவன் நின்னு படிப்பான்?"

மைத்ரேயிக்குப் போன் வந்துவிட்டது. "உள்ளூர்ப் பெரியவங்க யாராவது இருந்தா போட்டுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே ஜீப்பில் ஏறிவிட்டாள்.

உள்ளூர்ப் பெரியவர் என்றால் ஜினோவுக்கு வேறு யார் நினைவுக்கு வருவார்? நிச்சயதார்த்தப் போட்டோவிலிருந்து மாமனாரைக் கத்தரித்து எடுத்தான். கீழ்வரிசையில் நடுநாயகமாக நிறுத்தினான். இரண்டு பக்கமும் அதே போட்டோவில் நின்ற கமிட்டிக்காரர்கள். தலைக்கு மேல் 'வருக வருக என வரவேற்கும்' என்று எழுத்து. காலடியில் 'கடலரசர் யேசுதாஸ்' என்று ஒரு பட்டம். கடல்பசுவை மட்டும் சும்மா விட மனம் வராமல் அதற்கும் 'கடலன்னையின் செல்ல மகள்' என்று போட்டு, கொஞ்சம் பெரிதாகவே வைத்தான்.

பாக்கியமேரி தேதி பார்த்தாள், இடம் பார்த்தாள், நேரம் பார்த்தாள். துணியின் நாலு ஓரத்தையும் மடித்துத் தைத்தாள். சம்பந்தி பார்த்தால் பூரித்துப் போவார் என்று நினைத்துக்கொண்டாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. மதுரையில் தாய்மாமனிடம் கேட்டுக்கொண்டா போர்டில் போடுகிறார்கள்? போடாவிட்டால்தானே சண்டை!

போர்டு கட்டிய மறுநாள் மத்தியானம் டயானா போன் செய்தாள்.

"மதினி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?"

"ஏம்மா, தேதி ஏதும் தப்பா?"

"தேதியெல்லாம் சரியாத்தான் இருக்கு. அந்தக் கூட்டத்துக்கு ஊருல ஒருத்தரும் போகக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்காங்க. போட்டதே அப்பாதான். இப்பத் துறையில எல்லாரும் சிரிக்கிறாங்களாம். 'என்ன கடலரசரே, எங்கள வேணாமுன்னுட்டு நீரு மட்டும் வாசல்ல நின்னு கும்பிடுறீரு'ன்னு. மூணாவது ஓலைய வாசிக்க வேணாம்னு சாமியார்ட்ட சொல்லப் போறேன்னுட்டாரு. போர்டைக் கழட்டிக்கிட்டு வேன் ஏறியாச்சு. அங்கதான் வாராரு."

பாக்கியமேரி தம்பியைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே பிரிண்டருக்குப் பின்னால் போயிருந்தான்.

சாயங்காலம் வேன் வந்து நின்றது. யேசுதாஸ் சுருட்டிய துணியைப் பாய்மரம் போலத் தோளில் சாத்திக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே கமிட்டிக்காரர்கள் மூன்று பேர்.

"எங்க அந்தத் தம்பி?"

வாய் நிறைய 'மாப்ள' என்றவர் 'தம்பி'க்கு வந்துவிட்டார். பாக்கியமேரி அதைக் கவனித்தாள். ஆனாலும் எல்லோருக்கும் நாற்காலி போட்டாள். பன்னீர் சோடா வாங்கி வரச் செய்தாள். துணி வெட்டும் மேஜையைச் சுத்தமாகத் துடைத்தாள்.

"விரிங்க மாமா. தப்பு எங்கெங்கன்னு ஒவ்வொண்ணாக் காட்டுங்க. பார்ப்போம்."

சண்டைக்கு வந்தவர் இதை எதிர்பார்க்கவில்லை. மேஜைமேல் துணியை விரித்தார்.

"நான் எப்ப வரவேற்றேன்? இது தப்பு ஒண்ணு. கூட்டத்துக்குப் போனா கையெழுத்து வாங்குவான், அதையே சம்மதம்னு எழுதிக்குவான்னுதான் போக வேணாமுன்னோம். நீங்க என்னடான்னா கூட்டம் நடக்கும் முன்னாடியே என் கைய ரெண்டையும் கூப்ப வச்சுச் சம்மதம் வாங்கிட்டீங்க!"

"ரெண்டாவது?"

"இந்தப் பச்சைக் கோடு. பாரை மூடட்டும் தாயி, வேணாங்கல" என்றார். பார் என்று அவர் சொன்னது பவளப்பாறையை. "வெளியூர் விசைப்படகு வந்து மடி வலையப் போட்டு அரிச்சிட்டுப் போறதப் பார்த்தா எனக்கே வயிறு எரியுது. தீவுல விறகு வெட்டாதங்கிறியா, வெட்டல. ஆவுளியா மேயுற புல்லத் தொடாதங்கிறியா, தொடல. ஆனா இந்தக் கோட்டக் கொண்டாந்து எங்க துறை வாசல்லயே முட்டி நிறுத்தியிருக்கான் பாரு. ஆழத்துக்கு நாங்க என்ன பறந்தா போறது?"

"மூணாவது ஏதும் இருக்கா?"

யேசுதாஸ் கடல்பசுவின் படத்தில் விரலை வைத்தார். "இந்த ஆவுளியா எதுக்கு என்னைவிட இம்புட்டுப் பெருசா இருக்கு?"

கமிட்டிக்காரர்களில் ஒருவருக்குச் சோடா மூக்கில் ஏறியது.

"கோட்டைப் பத்தி அதிகாரிங்ககிட்ட சொல்லிட்டீங்களா மாமா?" என்று பாக்கியமேரி கேட்டாள்.

"சனிக்கிழமை தானே கூட்டம்?"

"அதுக்குத்தான் போகக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுட்டீகளே."

சோடா மூக்கில் ஏறியவர் மெதுவாக, "அந்தத் தாயி சொல்றது நியாயந்தானேண்ணே" என்றார். யேசுதாஸ் அவரை முறைத்தார்.

அப்போதுதான் பிரிண்டருக்குப் பின்னாலிருந்து ஜினோ வெளியே வந்தான். பேசாத பங்காளிகளுக்கு நடுவே யாரை நிறுத்துவது என்று யோசிக்கும்போது வரும் முகம் அவனுக்கு வந்திருந்தது.

"மாமா, படத்த எடுக்கணுமா, எழுத்த எடுக்கணுமா?"

யேசுதாஸ் குனிந்து தன் படத்தைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, வாரிய தலை, சிரித்த முகம்.

"படம் நல்லாத்தான் இருக்கு" என்றார். "எழுத்துத்தான் பொய் சொல்லுது."

ஜினோ கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். 'வருக வருக என வரவேற்கும்' அழிந்தது. அந்த இடத்தில் 'கேள்வி கேட்க வருகிறார்கள்' என்று வந்தது. அதே முகங்கள், அதே கூப்பிய கைகள். கமிட்டிக்காரர்கள் எழுந்து வந்து திரையைப் பார்த்தார்கள். ஒருவர், "கையக் கூப்பிக்கிட்டே கேக்குறோம், மரியாதையா இருக்குல்ல" என்றார்.

சர்க்கார் போர்டில் இஷ்டத்துக்கு எழுதிவிட முடியுமா? ஜினோ மைத்ரேயிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

"கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வரவேற்கிறவங்க எதுக்கு ஜினோ, கேள்வி கேக்குறவங்கதான் வேணும். அப்படியே போடுங்க. 'வருகைப் பதிவு சம்மதம் ஆகாது'ன்னு கீழ ஒரு வரியும் சேருங்க, நானே எழுத்துல தாரேன். ஆனா ஒண்ணு, போர்டுல மட்டும் கேட்டுட்டு வராம இருந்துடக் கூடாது."

எல்லோரும் யேசுதாஸைப் பார்த்தார்கள். அவர் ஃபேனைப் பார்த்தார்.

"வாரேன்னு சொல்லு" என்றார் ஃபேனிடம்.

பிறகு மேஜையில் கிடந்த தையல் சாக்குக்கட்டியை எடுத்தார். வரைபடத்தில் துறையிலிருந்து பாரின் ஓரமாக வளைந்து ஆழ்கடலுக்குப் போகும் படகு வழியை ஒரே இழுப்பில் வரைந்தார். சாக்குக்கட்டி உதிர்ந்துவிடும் என்று பாக்கியமேரிக்குக் கவலை. வந்தவர்கள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சிவப்பு நூலெடுத்து அந்தக் கோட்டின்மேல் தையல் போட்டாள். புது எழுத்துத் துண்டையும் பழைய எழுத்தின்மேல் வைத்துத் தைத்தாள். யேசுதாஸ் தடவிப் பார்த்து, "வலை முடியிற மாதிரி நெருக்கமாப் போட்டிருக்க தாயி" என்றார். ஆனால் வேன் ஏறும்போது ஓலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "வாரேன் தம்பி" என்றுதான் சொன்னார்.

சனிக்கிழமை அக்காவும் தம்பியும் செபமாலைத்துறைக்குப் போனார்கள். சமூகக் கூடத்தில் உட்கார இடமில்லை. கேள்வி கேட்பவர்கள் வரிசையில் தங்கள் படம் ஏன் இல்லை என்று கேட்டே பாதிப் பேர் வந்திருந்தார்கள். டயானா லீவு போட்டுவிட்டு வந்து பாக்கியமேரியின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

யேசுதாஸ் மைக்கின் முன் போய் நின்றார். பாரை மூடுவதில் ஊருக்குச் சம்மதம் என்றார். முன்பெல்லாம் பாரில் கலர் கலராக மீன் மேயும், இப்போது அரித்த இடமெல்லாம் சாம்பலாகக் கிடக்கிறது என்றார். எங்கள் வழியை மட்டும் விட்டுவிடுங்கள், அந்த வழியில் வரும் வெளியூர் மடியை நாங்களே பார்த்துச் சொல்கிறோம் என்றார். எந்த வழி என்று மேடையில் இருந்த ஒரு அதிகாரி கேட்டார்.

யேசுதாஸ் சுற்றிலும் பார்த்தார். பிறகு மைக்கிலேயே, ஊர் முழுக்கக் கேட்க, "மாப்ள, அந்தப் போர்டைக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க" என்றார்.

ஜினோ ஓடினான். அவன் தூக்கிப் பிடித்த துணியில் சிவப்பு நூல் கோடு கூடத்தின் கடைசி வரைக்கும் தெரிந்தது. மைத்ரேயி இறங்கி வந்து அதைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். கடைசி வரிசையில் இருந்த இரண்டு பெண்களுக்கும் அந்தக் கோடு கண்ணில் படவே இல்லை. "மாப்ளன்னாரு மதினி" என்று டயானா சொன்னாள். "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று பாக்கியமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் மூன்றாவது ஓலை இரண்டு கோயிலிலும் வாசிக்கப்பட்டது. யாரும் தடை சொல்லவில்லை. ஆடி மாதத்துக்குள் பூங்காவின் திருத்திய வரைபடமும் வந்தது. கொக்குத்தீவும் காடும் பாரும் புல்தரையும் பச்சைக் கோட்டுக்குள். செபமாலைத்துறையின் எதிரே மட்டும் அந்தக் கோடு, பாக்கியமேரி தைத்த இடத்தை ஒட்டி, வளைந்து வழி விட்டிருந்தது. அவள் இஞ்சு டேப்பை வைத்து அளந்து பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டாள்.

இப்போதெல்லாம் கோச்சடைக்குக் காதுகுத்துப் போர்டு கொடுக்க வருகிறவர்களில் ஒன்றிரண்டு பேர், "எங்க தாய்மாமனுங்கள 'கேள்வி கேட்க வருகிறார்கள்' வரிசையில போடுங்கண்ணே, அவங்க வேற எதுக்கும் வர்றதில்ல" என்கிறார்கள். ஜினோ போட்டும் கொடுக்கிறான். ஆனால் படத்தில் உள்ளவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்ட பிறகுதான் பிரிண்ட் கொடுக்கிறான். அது அக்காவின் புதுச் சட்டம்.

அவனுடைய கல்யாணப் போர்டுக்கும் அந்தச் சட்டம்தான். பாக்கியமேரி சம்பந்திக்குப் போன் போட்டு, முழுப் போர்டையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டினாள்.

"உங்க படத்துக்கு மேல என்ன மாமா போடட்டும்?"

"வருக வருக என வரவேற்கும்னே போடு தாயி" என்றார் யேசுதாஸ். "இதுல எனக்கு ஒரு கேள்வியும் இல்ல."

படத்தை அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பினாள். சிறிது நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு தாயி. கல்யாணப் போர்டுல ஆவுளியா எதுக்கு?"

"உங்க மாப்ளதான் போட்டுச்சு மாமா. ரெண்டு வீட்டையும் சேத்து வச்சது அதுதானாம்."

"அது சரி" என்றார். "அப்ப இருந்துட்டுப் போகட்டும். அளவை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லு."