பலாக்கொட்டை மாவு, ஜான்சி, திருப்பாதிரிப்புலியூர்

2006ஆம் ஆண்டு பலா சீசனில், திருப்பாதிரிப்புலியூருக்கு வெளியே இருந்த சுப்பராயலுவின் சிப்ஸ் கம்பெனியில் குப்பை அள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள் ஜான்சி. கம்பெனி என்று பெயரே தவிர, அது ஒரு தகரக் கொட்டகைதான். வரிசையாக உட்கார்ந்து சுளை எடுக்கும் பெண்கள், அவர்களுக்கு அப்பால் எண்ணெய்ச் சட்டிகள். தோல், நார், கொட்டை எல்லாவற்றையும் கூடையில் வாரிப் பின்பக்கப் பள்ளத்தில் கொட்ட வேண்டியது அவள் வேலை.

சுளையில் அவள் கை படக்கூடாது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதல் நாள், கீழே உருண்ட ஒரு பலாப்பிளவைத் தூக்கி மேடையில் வைத்தாள். மேஸ்திரி புஷ்பவள்ளி அதை விரல் நுனியால் தள்ளிக் குப்பைக் கூடையில் போட்டாள். ஜான்சி காலனியிலிருந்து வருகிறவள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

பள்ளம் நாறியது. பக்கத்துத் தெருக்காரர்கள் நகராட்சியில் மனு கொடுத்தார்கள். சுப்பராயலு தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது ஜான்சி போய் நின்றாள்.

"கொட்டைய நான் எடுத்துக்கிறேன் ஐயா."

"எவ்ளோதான் தின்னுவ? ஒரு நாளைக்கு எட்டு மூட்ட சேருது."

"மாவாக்கிப் பாக்குறேன்."

அவர் சிரித்தார். ஆனாலும் சம்மதித்தார். அவித்த கொட்டை இரண்டு நாளில் ஊசிவிடும், மாவென்றால் நிற்கும் என்று அவள் நினைத்தாள்.

அவள் கணவன் லூர்துசாமிக்குக் குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து, மூட்டைகளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். முதல் தடவை கொட்டை சரியாகக் காயவில்லை. மாவு மில்லில் போட்டதும் கல்லோடு ஒட்டிக்கொண்டது.

"இன்னாம்மா இது, மாவா பசையா?" என்று மில்காரர் காத்தவராயன் கத்தினார். அரை நாள் மில் நின்றது. ஜான்சியும் கூடவே உட்கார்ந்து கல்லைச் சுரண்டினாள். இரண்டாம் தடவை பூசணம் பிடித்தது. மூன்றாம் தடவை, உள்தோலைச் சரியாக நீக்காததால் மாவு கசந்தது. அவித்து, உரித்து, மெல்லிசாகச் சீவி, வளைத்தால் சட்டென்று ஒடிகிற பதம் வரும்வரை காயவைக்க வேண்டும் என்று பிடிபடுவதற்குள் அந்த சீசனே முடிந்துபோனது.

மறு வருஷம் அரிசி மாவோடு அதைக் கலந்து முறுக்குச் சுட்டாள். ஸ்டேஷன் பக்கம் டீக்கடை வைத்திருந்த தட்சிணாமூர்த்தி வாங்கிப் போட்டார். தினமும் பொழுது சாய்வதற்குள் டப்பா காலியாகும். எட்டாம் நாள் டப்பா நிரம்பியபடியே இருந்தது.

"என்னாண்ணே?"

அவர் பால் சட்டியைக் கிளறிக்கொண்டே சொன்னார். "முறுக்குல ஒரு கொறையும் இல்லம்மா. யாரு கை முறுக்குன்னு கேக்குறாங்க. புஷ்பவள்ளி வந்து சொல்லிட்டுப் போயிருக்குது. நான் யாவாரம் பண்றவன், என்ன பண்ணச் சொல்ற?"

ஜான்சி டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

சுப்பராயலு ஒரு வழி சொன்னார். "மாவா குடு. எங்கம்பெனி பேரப் போட்டு வித்துக்கலாம். உன் பேரு வெளியே தெரியவாணாம். எல்லாருக்கும் நல்லது."

லூர்துசாமிக்கும் அது சரியென்றே பட்டது. ஜான்சி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் சொன்னாள்: "சாப்புடுறவங்க தெரிஞ்சே சாப்புடட்டும். எம்பேர்லதான் போவணும்."

பெயரும் ஊரும் அச்சடித்த கவர்களில் மாவை அடைத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினாள். ஐந்து பேக்கரிகளில் வேண்டாம் என்றார்கள். ஆறாவது, கீழவீதிக்கு அருகில் ஞானசேகரன் என்பவருடைய கடை. அவர் மாவை விரலால் தேய்த்தார், முகர்ந்தார்.

"யாரு பண்றது?"

"நாந்தாங்க. கவர்லயே போட்டிருக்குது."

எழுத்துக்கூட்டாத குறையாக நிதானமாகப் படித்துவிட்டு அவர் கேட்டார்: "எத்தினி நாள் தாங்கும்?"

வேறு ஒரு கேள்விக்குத்தான் அவள் வழியெல்லாம் பதிலைச் சேர்த்து வைத்திருந்தாள். "ஈரம் படலன்னா மூணு மாசம்."

அவர் கடையில் அந்த மாவில் செய்த பலாக்கொட்டை பிஸ்கட் நிலைத்துவிட்டது. வாரம் பத்துக் கிலோ மாவு போனது, பிறகு இருபது. குப்பை வேலையை விட்டுவிட்டு, கூட அள்ளிக்கொண்டிருந்த லோகநாயகியையும் ராஜாமணியையும் ஜான்சி தன்னோடு சேர்த்துக்கொண்டாள். தோலை மாட்டுக்காரர்கள் எடுத்துப் போனார்கள். தட்சிணாமூர்த்தி மறுபடி முறுக்குக் கேட்டு ஆள் அனுப்பினார். அவள் கொடுக்கவில்லை. அது சரிதானா என்று அவளுக்கே சில நேரம் தோன்றும்.

2011 டிசம்பர் புயலில் சுற்றுவட்டாரப் பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. அடுத்த சீசனில் சுப்பராயலுவின் கொட்டகை பாதி நாள் பூட்டியே கிடந்தது. ஜான்சி ஜூஸ் கம்பெனிகளில் ஏறி இறங்கி மாங்கொட்டை கேட்டாள். மேலோட்டை உடைத்து, பருப்பைச் சீவி, தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, காயவைத்து அரைத்தாள். முதல் பிஸ்கட்டை ஞானசேகரன் வாயில் போடுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"தொவர்ப்பு இன்னும் இருக்குதுங்க."

அவர் மென்று பார்த்தார். "இருக்குது. வெல்லம் கொஞ்சம் ஜாஸ்தி போட்டா சரியாப்பூடும். அஞ்சு கிலோ அனுப்புங்க."

"இன்னும் ரெண்டு தண்ணி மாத்திட்டு அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு ஜான்சி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.