வெங்காயச் சருகிலை ஒரு மஞ்சள் தூள்

ஆய்வுகூட உதவியாளன் வேலையெண்டால் பாதி கழுவுறது, மிச்சம் காத்திருக்கிறது. போத்தில் கழுவிக் கை வெளுத்த என்ரை சகோதரங்களே, உங்களுக்கு நான் சொல்லவேணுமே! இப்பவும் அடுப்பிலை ஒண்டு கொதிக்குது, அந்த இடைவெளிக்குள்ளைதான் இதை டைப் அடிக்கிறன்.

விசயம் இதுதான். உடம்பிலை கலங்களுக்குப் 'பெருகு' எண்டு கட்டளை குடுக்கிற நொதியங்கள் இருக்கு, கைனேஸ் எண்டு பேர். புற்றுநோயிலை சில கைனேஸ் வாய் ஓயாது. அந்த வாயைப் பொத்துமோ எண்டு வெளிநாடுகளிலை சோதிக்கிற ஒரு பொருள் குவெர்செற்றின். அது எங்கடை சிவத்த வெங்காயத்தின்ரை காய்ஞ்ச சருகிலை கிடக்கு! சுத்தமாப் பிரிச்செடுத்தால் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒண்டு சோதிச்சுப் பாக்கும். அழுக்கெண்டால் இந்த வேலையை மூடவேண்டியதுதான் எண்டு எங்கடை ஆய்வுகூடத்துப் பேராசிரியர் சேர் சொல்லிப்போட்டார்.

உரிச்சுத் தந்த மரியாதை

மருதனார்மடம் சந்தையிலை வெங்காயம் விக்கிற யோகமக்காவிட்டை, ஆராய்ச்சிக்கு வெங்காயம் வேணும், நாளைக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தன். சருகைப் பற்றி வாய் திறக்கேல்லை. அடுத்தநாள் போனால், கடகம் நிறைய உரிச்ச வெங்காயம், கழுவித் துடைச்சு மினுங்குது. சருகெங்கை எண்டு கேட்க, பின்னாலை புகையிற குப்பையைக் காட்டினா. எனக்கு அழுகை வராத குறை, வெங்காயம் வேறை கண்ணை எரிக்குது. சருகுதான் வேணுமெண்டு விளங்கப்படுத்தினன். என்னை மேலும் கீழும் பாத்தா.

"படிச்ச இடத்துக்குக் குப்பையோ குடுக்கிறதெண்டு நானும் மகளும் குந்தியிருந்து உரிச்சனாங்கள். நீர் குப்பைக்கோ தம்பி வந்தனீர்?"

சாராய வாசம்

குப்பையிலை எரியாமல் மிஞ்சின சருகைப் பொறுக்கிக்கொண்டு வந்தன். அதை ஊறவைக்க அற்ககோல் வேணும், சண்டையாலை சாமான் வாற பாதையெல்லாம் தடை. பனஞ்சாராயத்தை வேண்டித் திருப்பித் திருப்பி வடிச்சன். கரண்ட் இல்லை, மண்ணெண்ணையும் இல்லை. விறகடுப்பிலை தண்ணிச் சட்டி, அதுக்குள்ளை சருகும் வடிச்ச சாராயமும் போட்ட குடுவை. என்னோடை வேலை செய்யிற செல்வராணி, தீப் பிடிச்சால் அணைக்க ஈரச் சாக்கோடை காவல் நிண்டவ. எங்கடை பக்கமே வராத பியோன் கனகண்ணை அண்டையிலிருந்து எங்கடை அறையைத்தான் ஓயாமல் கூட்டினார். சிவந்துபோன குடுவையைப் பாத்து ஒரு பெருமூச்சு விட்டுப்போட்டுக் கேட்டார்:

"தம்பி, உந்தச் சருகு விழமுந்தி ஒரு மிடறு வேறையா எடுத்துவைக்க ஏலாதோ?"

வட்டுக்கோட்டைச் சாக்கு

அப்பிடி வத்தவைச்சு எடுத்த முதல் தூள் படு அழுக்கு. சேர் அதை ஒருக்காப் பாத்திட்டு மேசையிலை வைச்சிட்டுப் போயிட்டார், அது ஏச்சிலும் மோசம். திரும்பச் செய்யச் சருகும் இல்லை.

அப்பதான் வட்டுக்கோட்டையிலை தோட்டம் செய்யிற சிவபாதண்ணை, யோகமக்கா சொல்லி, ஒரு சாக்குச் சருகைச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு வந்தார். மனுசிக்கு மார்பிலை புற்றுநோய், ஆசுப்பத்திரியிலை வைத்தியம் நடக்குது. ஒரு கரண்டி தூள் தரச்சொல்லிக் கேட்டார். இது மருந்தில்லையண்ணை, சோதனைக் குழாயைத் தாண்டாத பொருள், நாளைக்கும் மருந்தாகுமோ தெரியாது, கிளினிக்கை மட்டும் விட்டிடாதேங்கோ எண்டன். சைக்கிளடிக்குத் திரும்பிப் போனார். பிறகு சாக்கை அவிட்டு உள்ளை வைச்சார்.

"மருந்தாகிற அண்டைக்குச் சருகு காணாதெண்டு நிக்கக் கூடாது, வைச்சிரும்."

ரெண்டு பொட்டு

அந்தச் சாக்கிலை எடுத்த தூளைச் சோதிச்ச அண்டைக்கு அவரும் மனுசி மங்கையக்காவும் கிளினிக் முடிஞ்சு வந்தினம். கட்டி சுருங்குதாம், டொக்டருக்குத் திருப்தியாம். நான் கடதாசியிலை சுத்தமான வெளிநாட்டுக் குவெர்செற்றின் ஒரு பொட்டும், பக்கத்திலை எங்கடை தூள் ஒரு பொட்டும் வைச்சு, அடியைக் கரைசலிலை நனைச்சன். ரெண்டும் ஒரே உயரத்துக்கு ஏறினால் எங்கடை சாமான் சரி.

ஏறிச்சுது. வெயிலிலை காயவைச்சுப் பிடிச்சால் ரெண்டு மஞ்சள் பொட்டு, சோடியா. நான் துள்ளின துள்ளிலை செல்வராணி கடதாசியைப் பறிச்சு வைச்சிட்டா. மங்கையக்கா கிட்டவந்து குனிஞ்சு பாத்தா.

"இதிலை எது வெளிநாடு, எது எங்கடை தோட்டம், சொல்லும் பாப்பம்."

தூள் கொழும்பு தாண்டி வெளிநாட்டுக்குப் போட்டுது, கைனேஸின்ரை வாய் மூடுமோ தெரியாது, ஆனால் மருதனார்மடம் சந்தையிலை சருகு எரிக்கிற புகை மட்டும் அடியோடை நிண்டுபோச்சு.